தோப்பு குடித்த தண்ணீர்

"தெனிக்கும் இவ்ளோ தண்ணி ஊத்துறனே, இதெல்லாம் எங்கப்பா போவுது?"

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த ஏலவார்குழலி ஒருநாள் இப்படிக் கேட்டபோது என்னால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. "வேர் குடிச்சிடும்க்கா" என்றேன். "செரி, குடிச்சிட்டு?" என்று என் முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதான். ஆனாலும் ஒருவர் அக்கறையாகக் கேட்கும்போது வாய்க்கு வரவில்லை. அந்தக் கேள்விக்கு அவளுக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்தது. கிடைத்ததை வைத்து அவள் எதைக் கெடுத்தாள், எதைக் காப்பாற்றினாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழலிக்கு ஊர் மண்ணூருக்குப் பக்கம். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரகடம் சாலையில் ஒவ்வொன்றாக ஷெட்டுகள் எழும்பத் தொடங்கியபோது, பிளஸ் டூ முடித்த பெண்களை ஏற்றிப்போக ஊர் ஊராகப் பஸ் வந்தது. கைபேசிக்கு சார்ஜர் செய்கிற கம்பெனி. அவள் அப்பா எல்லப்பன், "சாயந்தரம் போய் காலைல வர்றது இன்னா வேல?" என்று சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். முதல் மாதச் சம்பளத்தில் அவள் வாங்கிவந்த மின்விசிறிக்குக் கீழே படுத்து எழுந்த பிறகு முறைப்பு அடங்கிவிட்டது.

நீலக் கோட்டு, தலைக்குத் தொப்பி, மணிக்கட்டில் ஒரு பட்டை. லைனில் பெண்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள். பேசக் கூடாது. அதனால் கண்ணாலேயே பேசக் கற்றுக்கொண்டார்கள். சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு சிமிட்டல், பசிக்கிறது என்பதற்கு ஒரு சிமிட்டல். குழலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் படப்பையிலிருந்து வந்த மோகனப்ரியா. அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தள்ளுவாள், குழலி மூடி போட்டு அமுக்குவாள். ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி கை நிற்கும்.

வாய் திறக்க முடிந்த ஒரே நேரம் சாப்பாட்டு வேளைதான். ஆனால் உட்கார இடம் இல்லை. கேன்டீனுக்குள் ஒரே புழுக்கம். பின்பக்கம் போனால் சரளை கொட்டிய வெறும் தரை, சுற்றிலும் மதில். உச்சி வெயிலில் மதிலின் நிழல் ஒரு சாண்தான் விழும். அந்த ஒரு சாண் நிழலில் எல்லாரும் முதுகை ஒட்டி வரிசையாக நின்று தின்றார்கள். "கரண்ட்டு கம்பில காக்கா குந்திகினு கீறா மாரி கீறோம்டி" என்பாள் மோகனப்ரியா.

கம்பெனிக்கு ஒரு வயது ஆனபோது, ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்து அந்தத் தரையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வேம்பு, புங்கன், நாவல், மருதம் என்று கலந்து இருந்தது. படம் எடுத்தவர்கள் படத்தோடு போய்விட்டார்கள். பெண்கள் போகவில்லை. அவர்களுக்கு நிழல் வேண்டும். பக்கத்தில் ஷெட் கட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் கடப்பாரையை இரவல் வாங்கி, சரளையைக் கொத்தி, குழி பறித்து நட்டார்கள்.

தண்ணீருக்குக் குழாய் இல்லை. அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் டிபன் பாக்ஸை அவரவர் கன்றின் அடியிலேயே கழுவுவது. சோற்றுப் பருக்கை, குழம்பு, மோர் எல்லாம் அதற்குத்தான்.

"ஏய், உன் செடி இன்னாடி வாடிகினு கீது?"

"இன்னிக்கு எங்கம்மா உப்பு தூக்கலாப் போட்டுட்டாங்கடி, இன்னா பண்றது?"

காக்கைகள் கூடிவிட்டன என்று சூப்பர்வைசர் ஒருமுறை வந்து கத்தினார். மோகனப்ரியா கையைக் கட்டிக்கொண்டு, "சார், என் வேம்புக்கு ரசம்னா உசுரு சார். ஒரு நாள் ஊத்தலன்னாலும் மூஞ்ச தூக்கி வச்சிக்கும்" என்றாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

கன்றுகளுக்கு நட்டவளின் பெயரே நிலைத்துவிட்டது. கேன்டீன் பக்கத்துப் புங்கன் லீலா. அதற்கு அடுத்த நாவல் தென்றல். மூலையிலிருந்த மருதம் ஜோதி. "ஜோதி புது எல வுட்டுட்டா", "லீலா பூத்துட்டா பாத்தியா" என்று பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்றும் புரியாது. மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்தபோது மதில் நிழலை எல்லாரும் மறந்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தது அங்கேதான். ஓ.டி. கேட்டுக் கிடைக்காமல் அழுதது, கடைசி டப்பாவில் மிஞ்சிய எலுமிச்சைச் சோற்றுக்கு அடித்துக்கொண்டது எல்லாம் அங்கேதான். முன்பெல்லாம் ஒரு மழை பெய்தால் பின்பக்கத்துத் தண்ணீர் சரளையை அள்ளிக்கொண்டு கேன்டீன் வாசலுக்கு ஓடிவரும். இலை கொட்டித் தரை மெத்தை போல ஆன பிறகு ஓடிவருவது நின்றுவிட்டது. மழைத் தண்ணீர் விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கியது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேன்டீன் வாசலைத் துடைக்கிற ஆளுக்கு மட்டும் சந்தோஷம்.

அப்புறம் ஒருநாள் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்றார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கடைசி நாளில் பெண்கள் பின்பக்கம் போய் ஆளுக்கொரு மரத்தைத் தொட்டுவிட்டு வந்தார்கள். மோகனப்ரியா மட்டும் அழவில்லை. "நீ மண்ணூர்லதான கீற. என் மரத்தப் பாத்துக்கோ. பேனெல்லாம் பாக்க வேணாம், எப்பனா வந்து தண்ணி மட்டும் ஊத்து" என்று குழலியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ் சன்னல் வழியாக ஒரு சிமிட்டல். பசிக்கிறது என்பதற்கான சிமிட்டல் அது. அதை நினைத்துக் குழலி பல நாள் சிரித்திருக்கிறாள். சிரித்து முடித்ததும் கண் கலங்கும்.

சில வருடம் கட்டடம் பூட்டியே கிடந்தது. பிறகு கார் சீட் செய்கிற வேறொரு கம்பெனி அதை வாங்கியது. குழலி கான்ட்ராக்டில் தோட்ட வேலைக்கு உள்ளே நுழைந்தாள். கேட்டில் காவலுக்கு இருந்த தாண்டவராயன் என்ற பெரியவர் அவளைத் தடுத்து, "அட்டை காட்டும்மா" என்று கேட்க, "அண்ணா, உள்ள கீற மரத்துல பாதி என் கூட்டாளிங்க. அவங்கள வேணா கேட்டுப் பாருங்க" என்றாள். யாரும் ஊற்றாத அந்த வருடங்களிலும் மரங்கள் மழையை மட்டும் நம்பி நின்றிருந்தன. தோப்பாகவே ஆகிவிட்டிருந்தன.

கொஞ்ச நாளில் அவளுக்கு எஸ்டிபி வேலையும் சேர்ந்தது. கழிப்பறை, கேன்டீன், கை கழுவுகிற இடம், எல்லாவற்றின் கழிவுத் தண்ணீரையும் சுத்தம் செய்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். சுத்தம் செய்த தண்ணீரைக் குடிக்க முடியாது. மதிலுக்கு வெளியே விடவும் கூடாது. செடிக்கும் மரத்துக்கும்தான் விட வேண்டும். குழலி காலையில் வால்வைத் திறப்பாள். பைப் வழியாகத் தண்ணீர் தோப்புக்குப் போகும். சாயந்தரம் பார்த்தால் தரை லேசான ஈரத்தோடு இருக்கும், தண்ணீர் இருக்காது. ஷெட் முழுக்க ஆட்கள் பயன்படுத்துகிற தண்ணீரை அந்தத் தோப்பு நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தது. முன்பக்கத் தார்த் தரையில் வெயில் கொதிக்கும். அங்கிருந்து தோப்புக்குள் கால் வைத்தால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தது போலக் குளிர்ச்சி முகத்தில் அடிக்கும். தாண்டவராயன் கேட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீதர் வந்து சொன்னான். காஞ்சிபுரத்துப் பையன். கட்டடம், தண்ணீர், கரண்ட் எல்லாவற்றுக்கும் பொறுப்பான மேனேஜர். குழலியை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, மனச திடப்படுத்திக்கோங்க. பின்னாடி கண்டெய்னர் நிறுத்த யார்டு போடறாங்க. தோப்பை எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எடுக்கறதுன்னா?"

"வெட்டறது."

குழலிக்கு முதலில் வாயில் வந்தது மரத்தைப் பற்றி அல்ல. "அப்ப தண்ணி எங்க சார் போவும்?"

"டேங்கர்ல ஏத்தி அனுப்பலாம்னு பேசிட்டிருக்காங்க. எனக்கும் பிடிக்கலக்கா. ஆனா கேக்கறாங்களே, தண்ணியக் குடிக்கறத தவிர இந்த மரங்க என்ன பண்ணுதுன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

அன்றைக்குச் சாயந்தரம்தான் பஸ்ஸில் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். தோப்பு நிற்பதும் போவதும் அதன் பதிலில்தான் இருக்கிறது என்பது போல.

பதில் கிடைத்தது கொய்யா மரத்தில். தோப்பின் ஓரத்தில் தானாக முளைத்த கொய்யா ஒன்று இருந்தது. காய் பழுக்கிற நேரத்தில் அணில் விடாது. நம் பக்கத்தில் காய்க்குக் கவர் கட்டுகிற வழக்கம் உண்டே, அதுபோல அவளும் கட்டினாள். சீட்டுக்குப் பாகங்கள் வருகிற பெரிய கண்ணாடிக் கவர் குப்பையில் நிறையக் கிடந்தது. காயை மட்டும் கட்டாமல் சோம்பலில் இலையோடு கிளையையே உள்ளே விட்டுக் கழுத்தைச் சுருக்கிக் கட்டிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் கவரின் அடியில் ஒரு மடக்குத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மழை இல்லை. பனிக்காலமும் இல்லை. குழலி நேராகத் தாண்டவராயனிடம் போனாள்.

"அண்ணா, கவருக்குள்ள தண்ணி ஊத்துனது நீதான?"

"எனக்கு வேற பொழப்பே இல்லியாம்மா? கேட்ல லாரிக்காரன் ஆரன் அடிச்சிகினு நிக்கறான். நான் வந்து உன் கொய்யாவுக்குக் குளிக்க ஊத்திகினு இருப்பனா?"

"பின்ன யாரு?"

"அணிலு வுட்டுட்டுப் போயிருக்கும். காய் தின்ன வுடலன்ற காண்டு."

கவரை அவிழ்த்து, தண்ணீரைக் கொட்டி, உள்ளே நன்றாகத் துடைத்து அவர் கண் முன்னாலேயே திரும்பக் கட்டினாள். இருவரும் நாற்காலியைப் போட்டு, கல்லைப் போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கவர் உள்பக்கம் மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கியது. பிறகு பொடிப்பொடியாகப் புள்ளிகள். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன.

"அடிங்..." என்றார் தாண்டவராயன். "ஒருத்தனும் வரல, தண்ணி மட்டும் வருது!" கவரின் முடிச்சைத் தளர்த்தி, விரலை விட்டு ஒரு சொட்டை நக்கிப் பார்த்தார். "உப்பு இல்ல, சோப்பு நாத்தம் இல்ல. நல்லாத்தான்மா கீது. எங்கேந்து வருது இது?"

"நான் காலைல வுட்டதுதான்."

"நீ வுட்டதா? நீ வுடறது..." அவர் விரல் பாதியில் நின்றது.

"ஆமாண்ணா. கக்கூஸ் தண்ணிதான். மரம் வடிகட்டிக் குட்த்துது, நீ குடிச்சிட்ட."

அவர் காறித் துப்பிய துப்பலில் தோப்பு முழுக்கக் காக்கை எழுந்தது. குழலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அண்ணாந்து பார்த்தாள். ஒரு கிளைக்கு ஒரு மடக்கு. எத்தனை கிளை, எத்தனை இலை! கவர் கட்டாத இலைகள் எல்லாம் அதே தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியாமல் மேலே விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் குளிர்ச்சி அங்கிருந்துதான் வந்தது. அப்படியென்றால் அன்றைக்கு டிபன் பாக்ஸ் கழுவி ஊற்றிய தண்ணீரும் எல்லாம் மேலே போயிருக்கிறது. லீலாவின் மோரும் மோகனப்ரியாவின் ரசமும் மேகத்தோடு மேகமாகி, எந்த ஊரிலோ யார் தலையிலோ மழையாக விழுந்திருக்கும். அவளுக்கு அவர்கள் எல்லாரையும் உடனே பார்க்க வேண்டும் போல இருந்தது.

ஸ்ரீதரைக் கூட்டிவந்து காட்டினாள். அவன் சிரித்தான். "படிச்சிருக்கேன்க்கா. இப்படி ஒரு கவரைக் கட்டி நேர்ல பாத்ததில்ல. இந்தத் தண்ணி ஆவியா மேல போகும். காத்து எங்க தள்ளுதோ அங்க மழையா இறங்கும். இங்கயே இறங்கும்னு சொல்ல முடியாது. ஆனா மரம் இல்லன்னா மேல போறது குறையும், பெய்யற மழையும் தரைல நிக்காம ஓடிடும்." படம் எடுத்துக்கொண்டான். மீட்டிங்கில் அதைப் போட்டுக் காட்டினான். அங்கே இருந்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்களாம். முழுத் தோப்பும் வேண்டாம், கேன்டீன் பக்கத்துப் பாதியை மட்டும் வெட்டுங்கள் என்று முடிவு செய்தார்களாம்.

வைகாசியில் வெட்டினார்கள். குழலி அன்று வேலைக்கு வந்தாள். எஸ்டிபி அறையில் நின்றபடி சத்தத்தை வைத்தே கணித்தாள். லீலா விழுந்தாள். தென்றல் விழுந்தாள். மெஷின் ரம்பம் நின்று, திரும்ப ஆரம்பித்தது. மதியம் தாண்டவராயன் வந்து, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டார். அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மிச்சம் இருந்த பாதியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அவள் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. மரங்கள் தண்ணீரைக் குடிப்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு. முழுத் தோப்பும் குடித்ததை இந்தப் பாதியே குடித்துக் காட்டிவிட்டால் யாரும் இதன்மேல் கை வைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். டேங்கரை வேண்டாம் என்றாள். "எவ்ளோ ஊத்துனாலும் குடிக்கும் சார். நான் பாத்துக்கறேன்." ஸ்ரீதரும் நம்பினான். எல்லாத் தண்ணீரையும் அந்தப் பாதிக்கே திருப்பினாள். தரை சாயந்தரமும் சொதசொதவென்றே இருந்தது. வெயில் குறைந்தால் குடித்துவிடும் என்றாள். வெயில் குறைந்ததும், காற்று வந்தால் குடித்துவிடும் என்றாள். ஆவணியில் வேம்பின் இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த தரையில் மழையும் சேர்ந்தது. ஒரு நாள் காலை ஷிப்டின் நடுவில், பெரிய காற்றுகூட இல்லை, ஒரு மரம் மெதுவாகச் சாய்ந்து மதில் மேல் விழுந்து மதிலோடு சரிந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் ஆள் இல்லை. விழுந்தது மோகனப்ரியாவின் வேம்பு.

சேஃப்டி ஆட்கள் வந்தார்கள். மரங்கள் ஆபத்து, மிச்சம் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். காற்றில் விழுந்துவிட்டது என்று குழலி சொன்னாள். சொல்லிவிட்டு மரத்தின் அடியைப் பார்த்தாள். வேர் தட்டுப் போலப் பெயர்ந்து நின்றது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் நுனிகள் கறுத்து அழுகியிருந்தன. கிள்ளினால் தோல் கையோடு வந்தது. தேங்கிய சாக்கடை வாடை அடித்தது. வேர் மூச்சுவிட இடமே இல்லாமல் அவள் ஊற்றியிருக்கிறாள். மேலே விட வேண்டிய தண்ணீரை மேலே தூக்க அந்த மரத்துக்குத் தெம்பே இருந்திருக்காது.

மதியம் மோகனப்ரியாவுக்கு போன் செய்தாள். மோகனப்ரியா இப்போது படப்பையில் தையல் கடை வைத்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"என் மரத்த சாவடிச்சிட்டியாடி?"

"ஆமாம்டி. ஊத்தி ஊத்தியே சாவடிச்சிட்டேன்."

"தண்ணி ஊத்துன்னுதான சொன்னேன். முழுக வைன்னா சொன்னேன்?" பிறகு குரல் இறங்கியது. "செரி, அழுவாத. மத்ததெல்லாம் எப்படி கீது?"

"எல்லாத்தையும் வெட்டப்போறாங்க. மரம் ஆபத்தாம்."

"மரமாடி ஆபத்து? நீதான்டி ஆபத்து!"

மோகனப்ரியா வாய்த்துடுக்காகச் சொன்னதுதான். குழலிக்கு அது வழி காட்டியது. போனை வைத்துவிட்டு, விழுந்த மரத்திடம் போய் அழுகிய வேர் ஒன்றை ஒடித்து எடுத்தாள். மரம் தானாக விழுந்தது என்றால் எல்லா மரமும் போகும். அவள் விழ வைத்தாள் என்றால் மரத்தின் மேல் தப்பு இல்லை.

ஸ்ரீதரின் அறைக்குப் போனாள். கையில் அந்த அழுகிய வேர்.

"சார், காத்துல வுழல. நான்தான் அளவுக்கு மேல வுட்டேன். வால்வு என் கைலதான். எல மஞ்சளானப்பவே நிறுத்தியிருக்கணும். மூலைல கீற ஜோதி மரத்துக்கிட்ட மேடு, அங்க தண்ணி நிக்கல. அதோட வேர நோண்டிப் பாருங்க, வெள்ளையா இருக்கும். தப்பு என்னுது, மரத்துது இல்ல."

"டேங்கர் வேணாம்னு நீங்க சொன்னப்ப நானும் சரின்னுட்டேன். என் தப்பும் இருக்கு." அவன் வேரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஆனா இதை எழுதினா உங்க பேரு முதல்ல வரும்க்கா."

"வரட்டும் சார்."

"சரி, வால்வை மூடிட்டோம்னே வச்சுக்கோங்க. நாளைக்கே தொட்டி நிரம்பிடும். தண்ணிய எங்க விடறது?"

குழலி அவனைச் சன்னலுக்குக் கூட்டிப்போனாள். வெட்டிய பாதி, மழை காரணமாகக் கான்கிரீட் போடாமல் அப்படியே கிடந்தது. கோரையும் தட்டைப்புல்லும் தும்பையும் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தன. புங்கனின் அடிக்கட்டையிலிருந்தும் துளிர் கிளம்பியிருந்தது.

"மழ வுடற வரைக்கும் டேங்கர்ல ஏத்திடுங்க சார். மழ வுட்டதும் அங்க பாதி வுடலாம், இங்க பாதி வுடலாம். ஒரு நாள் வுட்டா ஒரு நாள் காயட்டும். புல்லும் குடிக்கும் சார். கவர் கட்டிக் காட்டட்டுமா?"

ஸ்ரீதர் கடப்பாரையோடு தானே இறங்கிப் போனான். ஜோதியின் அடியில் நோண்டினான், வேர் வெள்ளையாக இருந்தது. சேஃப்டி ஆட்களையும் அழைத்துக் காட்டினான். மழை முடிந்து தை வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் இன்னொன்று சாய்ந்தால் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அவளுடைய பெயரும் எழுதப்பட்டது. மறுவாரமே கான்ட்ராக்டர் அவளை எஸ்டிபியிலிருந்து எடுத்து, முன்பக்க ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போட்டுவிட்டார். வால்வு மாரிமுத்து என்பவரிடம் போனது. தெற்கே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர், குழலியைவிட மூத்தவர். முதல் நாளே குழலி தேடிப்போய், "அண்ணா, தொறக்கறதுக்கு முன்ன மண்ணுல வெரல வுட்டுப் பாருங்க. ஈரம் கீதுன்னா அன்னிக்கு அந்தப் பக்கம் வேணாம்" என்றாள்.

"எங்க ஊர்ல சொட்டுத் தண்ணிக்கு அலையுதோம். இங்க தண்ணி கூடுனதுக்கு அழுதிய. நல்ல ஊருல்லா உங்க ஊரு" என்றார் அவர். ஆனால் விரலை விட்டுப் பார்த்தார். தினமும் பார்த்தார்.

கார்த்திகையில் இன்னொரு புயல் மழை வந்தது. குழலி ஆபீஸ் சன்னலைத் துடைக்கிற சாக்கில் பின்பக்கம் போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் விழவில்லை. மஞ்சளான மரங்களில் மேலும் ஒன்று பட்டுப்போனது. அதை நிற்கும்போதே வெட்டி எடுத்தார்கள். மற்றவை மாசியில் துளிர்த்தன. புல் வளர்ந்த தரைக்கு நாள் தவறாமல் தண்ணீர் தேவைப்பட்டதால், அங்கே கான்கிரீட் போட்டால் தண்ணீருக்கு இடமில்லை என்று ஸ்ரீதர் எழுதிக் கொடுத்தான். கண்டெய்னர் யார்டு சின்னதாகி முன்பக்கம் கேட்டோரம் போனது. தோப்பில் மிச்சம் இருப்பதை வெட்ட வேண்டாம் என்ற உத்தரவை அவன் ஆபீசுக்குள் வந்து அவளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். குழலி கையில் துடைப்பத்தோடு நின்று கேட்டாள். "இன்னொரு வாட்டி படி சார்" என்றாள். படித்தான்.

அவளுக்கு எஸ்டிபி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மாரிமுத்துவும் கான்ட்ராக்ட் ஆள்தான், எந்த மாதம் எங்கே மாற்றுவார்களோ தெரியாது. அடுத்து வருகிறவருக்கு யார் சொல்வார்கள் என்பதுதான் இப்போது அவளுடைய கவலை. அதற்காகத்தான் இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை மதிலுக்கு உள்ளே மரம் வைத்திருக்கிற கம்பெனிகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே காலையில் வால்வைத் திறக்கிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டீ குடிக்கும்போதோ ஷேர் ஆட்டோவில் போகும்போதோ அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.